எண்ணிச் சொல்ல ஒரு நாற்காலி

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிவிட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. அன்றைக்குத் தஞ்சாவூர் தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது. திருவாரூர் தொகுதிக்கும் கிடையாது. திருவாரூரின் காரணம் எல்லோருக்கும் தெரியும்: அத்தொகுதி உறுப்பினர் மு. கருணாநிதி ஆகஸ்ட் 7 அன்று காலமாகியிருந்தார். தஞ்சாவூரின் காரணம் வேறு. பதினான்கு மாதங்களுக்கு முன், 2017 செப்டம்பர் 18 அன்று, சட்டப்பேரவைத் தலைவர் ப. தனபால் பிறப்பித்த ஓர் உத்தரவுதான் அது. அ.தி.மு.க. உறுப்பினர்கள் பதினெட்டுப் பேரைத் தகுதி நீக்கம் செய்த அந்தப் பட்டியலில் தஞ்சாவூர் உறுப்பினர் மா. ரெங்கசாமியின் பெயரும் இருந்தது.

இந்தத் தொகுதியின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். 2016 மே மாதப் பொதுத்தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் வாக்களித்தபோது, பணப் பட்டுவாடா புகாரால் தஞ்சாவூருக்கும் அரவக்குறிச்சிக்கும் மட்டும் தேர்தல் நிறுத்தப்பட்டது. நவம்பர் 19-இல் வாக்குப்பதிவு நடந்து உறுப்பினர் கிடைத்தார். அடுத்த செப்டம்பரில் பதவி போயிற்று. 2019 ஏப்ரல் 18-இல் இடைத்தேர்தல், மே 23-இல் முடிவு. ஆக, மூன்று வருஷத்தில் ஏறக்குறைய பத்து மாதம்தான் இராஜராஜன் கோயில் கட்டிய ஊருக்குப் பேரவையில் ஓர் ஆள் இருந்தார். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று இறுதித் தீர்ப்புச் சொல்லி, கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்ததும் இந்த இடைவெளியில்தான். காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அடுத்த மாதம் பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியபோது தஞ்சாவூரின் இருக்கை காலி. திருவாரூர் உறுப்பினரோ உடல்நலம் குன்றி அவைக்கு வர முடியாத நிலையில் இருந்தார். தண்ணீரைப் பற்றிய தீர்மானத்தில், தண்ணீரை நம்பி வாழும் இரண்டு மாவட்டத் தலைநகரங்களுக்குக் குரல் இல்லை.

கட்சிக்குள் தலைமைச் சண்டை மூளும்போது அவைத் தலைவர் என்ன செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது சட்ட மாணவர்களுக்கான வினா என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த முப்பத்தாறு மாதங்களைக் கூட்டிப் பார்த்த பிறகு, அது உரத்துக்கும் மதகுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் மனு எழுதுகிறவனின் வினா என்று புரிந்தது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் தலைவர் என்பதற்கு விடை சொல்வது அவை. அவைத் தலைவர் அந்த விடையை எண்ணிச் சொல்பவர். எண்ணுவதற்கு முன் ஒரு தலையைக்கூடக் குறைக்க அவருக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டின் மூன்று பெரிய தலைமைச் சண்டைகளும் இதைத்தான் காட்டுகின்றன.

முதலாவது 1972. அந்த அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். சில நாட்களிலேயே புதுக் கட்சி தொடங்கினார். அப்போது பேரவைத் தலைவர் கே.ஏ. மதியழகன். அண்ணாவோடு சேர்ந்து தி.மு.க.வைத் தொடங்கிய ஐவரில் ஒருவர். எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய ஆள் இல்லை. நவம்பர் 13-ஆம் தேதி அவை கூடியபோது, கருணாநிதியின் அமைச்சரவை மக்களிடம் மறுபடி போக வேண்டும் என்ற கருத்தைத் தம் நாற்காலியிலிருந்தே சொல்லி, அவையை ஒத்திவைத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரியா தவறா என்பது வேறு விஷயம். சொன்ன இடம்தான் தவறு. உறுப்பினராக எழுந்து நின்று பேசியிருந்தால் அது ஒரு கருத்து. அந்த நாற்காலியிலிருந்து வந்ததால், அவையில் யாரும் வாக்களிப்பதற்கு முன்பே தீர்ப்பாகிவிட்டது.

டிசம்பர் 2 அன்று நடந்தது இந்தியச் சட்டமன்றங்களில் அபூர்வமான காட்சி. பேரவைத் தலைவர் தம் நாற்காலியை விடவில்லை. ஆளுங்கட்சியோ அவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டது. அரசியலமைப்பின் 181-ஆவது பிரிவின்படி, தம்மை நீக்கும் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது பேரவைத் தலைவர் தலைமை தாங்கக் கூடாது. துணைத் தலைவர் பெ. சீனிவாசன் (1967-இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த அதே மாணவர் தலைவர்தான்) வேறொரு நாற்காலியில் அமர்ந்து அவையை நடத்தத் தொடங்கினார். ஒரே மண்டபத்தில் இரண்டு அவைகள். ஒரு பக்கம் எம்.ஜி.ஆர். பேச, மறுபக்கம் தீர்மானம் நிறைவேற. கடைசியில் மதியழகன் நீக்கப்பட்டார். பெரும்பான்மை யாரிடம் என்பதில் அன்று ஐயமே இருக்கவில்லை. அமைதியாக எண்ணியிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். ஆனால் அந்த நாளிலிருந்து, நாற்காலியில் இருப்பவர் யார் பக்கம் என்ற கேள்வி தமிழ்நாட்டில் முதல் கேள்வியாகிவிட்டது.

பதினைந்து வருஷம் கழித்து எம்.ஜி.ஆரின் சொந்தக் கட்சிக்கே அந்த நிலை வந்தது. 1987 டிசம்பர் 24-இல் அவர் மறைந்தார். 1988 ஜனவரி 7-இல் வி.என். ஜானகி முதலமைச்சரானார். ஜெயலலிதா அணி தனியே நின்றது. பேரவைத் தலைவராக இருந்தவர் பி.எச். பாண்டியன், தமக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்று சொல்லிப் பேர்பெற்றவர். அரசியலமைப்பு நகலை எரித்ததற்காக க. அன்பழகன் உள்ளிட்ட பத்து தி.மு.க. உறுப்பினர்கள் பதவி இழந்ததும், ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் சிறைக்கு அனுப்பப்பட்டதும் அவர் காலத்தில்தான். ஜனவரி 28-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தது. உறுப்பினர்கள் சிலர் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டார்கள். அவைக்குள் கைகலப்பு மூண்டது. காவலர்கள் பேரவைக்குள்ளேயே நுழைந்து தடியடி நடத்தினார்கள். அந்தக் களேபரத்தில் ஜானகி வென்றதாகப் பாண்டியன் அறிவித்தார். யாரும் அந்த எண்ணிக்கையை நம்பவில்லை. இரண்டு நாளில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. எண்ணிக்கை நம்பத்தக்கதாக இல்லையென்றால் தீர்ப்பு டெல்லிக்குப் போய்விடும் என்பது அன்று கண்ட உண்மை.

சபாநாயகர் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பதவியின் பெயருக்குப் பேசுபவர் என்றுதான் பொருள்: அவையின் சார்பில் மன்னரிடம் போய்ப் பேச அனுப்பப்பட்ட ஆள். நாம் அவரை நாயகர் ஆக்கிக்கொண்டோம். பேரவைத் தலைவர் என்ற இன்றைய பெயரிலும் அந்தத் தலைமை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1985-இல் 52-ஆவது திருத்தம் கட்சித் தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது இந்த நாயகத்தன்மைக்குச் சட்டமே முத்திரை குத்தியது. உறுப்பினர் கட்சி மாறினாரா, கொறடா உத்தரவை மீறினாரா என்று விசாரித்துப் பதவியைப் பறிக்கும் அதிகாரத்தைப் பத்தாவது அட்டவணை அவைத் தலைவரிடம் கொடுத்தது. மற்ற தகுதியின்மைகள் எல்லாம், 192-ஆவது பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு ஆளுநர் முடிவு செய்பவை. கட்சித் தாவல் மட்டும், கட்சிக்காரராகவே தேர்ந்தெடுக்கப்பட்டுக் கட்சியின் பெரும்பான்மையால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் போனது. 1992-இல் கிஹோடோ ஹோலோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு, முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றார்கள். மற்ற இருவர், பெரும்பான்மையின் தயவில் பதவியில் இருப்பவர் நடுநிலைத் தீர்ப்பாளராக இருக்க முடியாது என்றார்கள். அந்த இருவர் சொன்னதே சரி என்று எனக்குப் படுகிறது. பின்னால் நடந்தவை எல்லாம் அதற்குச் சாட்சி.

இந்தச் சட்டத்தின் ஒரு முக்கியமான கிளை எங்கள் ஒரத்தநாட்டிலிருந்து கிளைத்தது என்பது வெளியே அதிகம் தெரியாது. 1991-இல் அ.தி.மு.க. சார்பில் ஒரத்தநாட்டில் வென்ற அழகு திருநாவுக்கரசும், ஆற்காட்டு உறுப்பினர் கோ. விசுவநாதனும் 1994 ஜனவரியில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அப்போதைய பேரவைத் தலைவர் சேடப்பட்டி இரா. முத்தையா முதலில் அவர்களை எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்று அறிவித்தார். பிறகு வேறு கட்சியில் சேர்ந்தார்கள் என்று 1995-இல் பதவியைப் பறித்தார். உச்ச நீதிமன்றம் 1996-இல் அதை உறுதி செய்தது. சாராதவர் என்று ஒரு வகையே சட்டத்தில் இல்லை, கட்சி ஒருவரைத் துரத்திவிட்டாலும் பேரவைக்குள் அவர் அந்தக் கட்சிக்காரர்தான், வேறு கட்சிக்குப் போனால் தாவல்தான் என்பது தீர்ப்பின் சாரம். வீட்டை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய பிறகும், வேறு வீட்டுத் திண்ணையில் உட்காராதே என்று சொல்வதைப் போன்றது இது. தலைமைச் சண்டையில் தோற்ற அணிக்கு இந்தத் தீர்ப்பு பெரிய விலங்கு.

அதே ஒரத்தநாடு 2022-இல் மறுபடி வந்தது. அந்த ஜூலை 11-ஆம் தேதி அ.தி.மு.க. பொதுக்குழு ஓ. பன்னீர்செல்வத்தை நீக்கியபோது, கூடவே நீக்கப்பட்டவர்களில் ஒரத்தநாடு உறுப்பினர் ஆர். வைத்திலிங்கமும் ஆலங்குளம் உறுப்பினர் மனோஜ் பாண்டியனும் இருந்தார்கள். மனோஜ், பி.எச். பாண்டியனின் மகன். எதிர்க்கட்சித் துணைத் தலைவர் ஆர்.பி. உதயகுமார்தான், அந்த இருக்கையைப் பன்னீர்செல்வத்திடமிருந்து எடுத்துக் கொடுங்கள் என்று எடப்பாடி பழனிசாமி தரப்பு கேட்டது. இருக்கை ஒதுக்குவது என் உரிமை என்றார் பேரவைத் தலைவர் மு. அப்பாவு. அவையில் அமளி, வெளியேற்றம், வள்ளுவர் கோட்டத்தில் உண்ணாவிரதம் என்று போய், 2024 பிப்ரவரியில்தான் இருக்கை மாறியது. ஒரு நாற்காலியை நகர்த்த ஒன்றரை வருஷத்துக்கு மேல். தாமதத்தையே முடிவாக ஆக்கும் பழக்கம் ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமானதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் 2017-க்குத்தான் போக வேண்டும். ஜெயலலிதா மறைந்து இரண்டு மாதம். பிப்ரவரி 5-இல் பன்னீர்செல்வம் பதவி விலகினார். 7-ஆம் தேதி இரவு மெரினா நினைவிடத்தில் உட்கார்ந்து எழுந்து, வற்புறுத்தி விலக வைத்தார்கள் என்றார். 14-இல் சசிகலாவுக்குச் சிறைத் தண்டனை உறுதியானது. 16-இல் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சரானார். பெரும்பான்மையைக் காட்ட ஆளுநர் கொடுத்தது பதினைந்து நாள். பேரவைத் தலைவர் எடுத்துக்கொண்டது இரண்டே நாள். ஆதரவு உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியிலிருந்து நேரே அவைக்கு வந்தார்கள்.

பிப்ரவரி 18. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்றது எதிர்க்கட்சி. தனபால் மறுத்தார். அந்த மறுப்பில் அவர் பக்கம் நியாயம் இருந்தது: தன் தொகுதி ஆள் யாருக்குக் கை தூக்கினார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை வாக்காளருக்கு உண்டு. ஆனால் உறுப்பினர்கள் ஊருக்குப் போய் மக்களைப் பார்த்துவிட்டு வரட்டும், வேறொரு நாள் வாக்கெடுக்கலாம் என்ற கோரிக்கையையும் அவர் தள்ளினார். அங்கேதான் கால் வழுக்கியது. மேசைகள் புரண்டன, பேரவைத் தலைவரின் சட்டை கிழிந்தது, ஸ்டாலினும் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். தி.மு.க. உறுப்பினர்கள் கூண்டோடு வெளியேற்றப்பட்டார்கள். காங்கிரஸ் வெளிநடப்புச் செய்தது. பிறகு பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. எண்ணிய முறையில் குற்றம் சொல்ல ஏதும் இல்லை. எண்ணப்பட்ட அவையில்தான் முக்கிய எதிர்க்கட்சியே இல்லை.

அடுத்து வந்தது இன்னும் கனமானது. எதிர்த்து வாக்களித்த அந்தப் பதினொருவர் கொறடா உத்தரவை மீறியவர்கள். அவர்களில் பன்னீர்செல்வமும் ஒருவர். ஆகஸ்ட் 21-இல் இரு அணியும் சேர்ந்து அவர் துணை முதலமைச்சரானார். மறுநாளே டி.டி.வி. தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் பத்தொன்பது பேர் ஆளுநரிடம் போய், முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் அவையில் எதிர்த்து வாக்களிக்கவில்லை, வேறு கட்சிக்கும் போகவில்லை. கொறடா புகார் கொடுத்தார். ஒருவர் திரும்பி வந்தார். ஒரு மாதத்துக்குள் மற்ற பதினெட்டுப் பேரும் பதவி இழந்தார்கள். அவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் மீதான மனுக்களோ கிடப்பில் கிடந்தன. மூன்று வருஷம் ஆன பிறகு, 2020 பிப்ரவரியில், இவ்வளவு தாமதம் தேவையற்றது என்று குறைப்பட்ட உச்ச நீதிமன்றமும் முடிவை மறுபடி பேரவைத் தலைவரிடமே விட்டது. பதினொருவரில் ஒருவரும் தகுதி நீக்கம் செய்யப்படவில்லை.

பதினெட்டுப் பேர் வழக்கும் நெடும்பயணம் போனது. 2018 ஜூன் 14-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி ஒரு விதமாகவும் நீதிபதி எம். சுந்தர் வேறு விதமாகவும் தீர்ப்பளித்தார்கள். மூன்றாவது நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25-இல் தகுதி நீக்கம் செல்லும் என்றார். அதுவரை இடைத்தேர்தலுக்கும் நீதிமன்றத் தடை. மூன்று வாரத்தில் கஜா வந்துவிட்டது.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரியும் இடத்தில் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எந்த ஆற்றுக்கு எத்தனை கன அடி என்று உத்தரவு வரும். அவர் சக்கரத்தைச் சுற்றுவார், சுவரில் எழுதியிருக்கும் அளவுகோலைப் பார்ப்பார், மறுபடி ஒரு சுற்று. முறைப்பாசனம் வந்துவிட்டால் புது ஆற்றுக்காரருக்கும் வெண்ணாற்றுக்காரருக்கும் ஆகாது. ஆனாலும் கோல் காட்டும் அளவை இருவரும் ஒப்புக்கொள்வார்கள். கோல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருப்பதுதான் காரணம். பதினெட்டுக்கு ஒரு மாதம், பதினொன்றுக்கு மூன்று வருஷம் என்றால் கோல் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

கடல் கடந்து பார்த்தால் ஆறுதல் தரும் உதாரணம் ஒன்று உண்டு. கஜா கரையேறிய அதே நவம்பர் 16 அன்று இலங்கை நாடாளுமன்றத்தில் மிளகாய்த்தூள் பறந்தது. அக்டோபர் 26-இல் அதிபர் சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பிறகு நாடாளுமன்றத்தையே கலைத்தார். கலைப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சபாநாயகர் கரு ஜயசூரிய, ரணிலின் கட்சிக்காரர்தான். ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பெரும்பான்மையை அவைக்குள் காட்டுங்கள். 14-ஆம் தேதி குரல் வாக்கெடுப்பில் ராஜபக்ச மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது, ஏற்க மறுத்தார்கள். 16-ஆம் தேதி அவருடைய ஆசனத்தையே ஆக்கிரமித்துக்கொண்டார்கள். காவலர்கள் சூழ நின்றபடி, வேறொரு நாற்காலியில் இருந்து அவர் வாக்கெடுப்பை மறுபடி நடத்தினார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர்கள் அந்த எண்ணிக்கையில் முக்கியமாக இருந்தார்கள். அவர் யாரையும் தகுதி நீக்கம் செய்யவில்லை. டிசம்பர் 13-இல் கலைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 15-இல் ராஜபக்ச விலகினார்.

டெல்லியிலும் ஒரு நாற்காலி தன் மானத்தைக் காத்திருக்கிறது. 2008 ஜூலை 22 நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன், பதவி விலகு என்று மார்க்சிஸ்ட் கட்சி சொன்னபோது மக்களவைத் தலைவர் சோம்நாத் சட்டர்ஜி மறுத்தார். வாக்கெடுப்பை நடத்தி முடித்தார். மறுநாள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். பிரிட்டனில் அந்தப் பதவிக்கு வந்தவுடன் கட்சியை விட்டுவிடுவது மரபு; பெரிய கட்சிகள் பொதுவாக அவரை எதிர்த்து வேட்பாளர் நிறுத்துவதில்லை. நம் ஊரில் அந்த மரபு வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மறுபடி சீட்டுக் கொடுக்கப்போவது கட்சிதான் என்று தெரிந்த ஒருவரிடம் துறவை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

தஞ்சையை ஆண்ட முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் குடவோலை முறையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொரு சின்ன விவரம். குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் மத்தியஸ்தனின் நேர்மையை நம்பிக் காரியத்தை விட்டுவிடவில்லை. அவன் விரலுக்கும் சட்டம் போட்டார்கள்.

நமக்கும் விரலுக்குத்தான் சட்டம் வேண்டும். 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், தகுதி நீக்க மனுக்களைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. இந்த அதிகாரத்தை அவைத் தலைவரிடமிருந்து எடுத்து நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் கொடுப்பதை நாடாளுமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2025 ஜூலையில் தெலங்கானா வழக்கிலும் மூன்று மாதக் கெடு விதித்தது. தீர்ப்பாயம் வந்தால் அதுவும் அரசு நியமனம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரியானதே. ஆனாலும் நாளை நம்பிக்கை வாக்கெடுப்பை நடத்தப்போகிற அதே கை இன்று உறுப்பினர்களை நீக்கும் நிலை அதில் இருக்காது. அதோடு இரண்டு விதிகள் போதும்: நம்பிக்கை வாக்கெடுப்பு முடியும்வரை எந்தத் தகுதி நீக்கமும் நடப்புக்கு வரக் கூடாது, ஓர் உறுப்பினரை நீக்கினால், வழக்கு எதுவானாலும் ஆறு மாதத்துக்குள் அந்தத் தொகுதிக்குத் தேர்தல் நடக்க வேண்டும். கட்சியைத் தண்டிக்கலாம், உறுப்பினரைத் தண்டிக்கலாம். தொகுதியைத் தண்டிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

டெல்டாவில் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கும் என்பார்கள், நெல்லுக்கு விலை தருகிறோம் என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் பங்குக்கு ஒன்று கேளுங்கள்: கட்சித் தாவல் மனுக்களைத் தீர்ப்பாயத்துக்கு மாற்றும் சட்டத் திருத்தத்துக்கு உங்கள் கட்சி நாடாளுமன்றத்தில் ஆதரவாக வாக்களிக்குமா? ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வாங்குங்கள்.